உள்ளே இல்லாத பிள்ளை

கிட்ட வந்து உட்காருங்க தம்பி. இன்னும் கிட்ட. நாற்காலியை அப்படியே இழுத்துக்கிடுங்க, என் காலில் இடித்தாலும் பரவாயில்லை. எனக்குக் குரல் ஏறாது. ஏறினாலும் இந்தக் கதையை ஏற்றிச் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் பேச்சியோட மகன் இருக்கிறான். அவன் காதில் விழக்கூடாது.

கொண்டுவந்த காகிதத்தை இன்னொரு தரம் வாசிங்க. ஆமாம், அந்த இடம்தான். 'பர்மாவில் மோல்மேன் பட்டணத்தில் யூதப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய ஹக்காம் மெனாஷே, பள்ளியில் தீப்பிடித்தபோது உள்ளே சிக்கிய ஒரு தமிழ்க் குழந்தையைக் காப்பாற்றித் தன் உயிரை விட்டார்.' நன்றாக எழுதியிருக்கீங்க. அவர் சரித்திரத்தை எழுதச் சொல்லி உங்களை அனுப்பினவர்களும் சந்தோஷப்படுவார்கள். இதை உங்களுக்குச் சொன்னது பேச்சிதானே? அவள் இருக்கும்போது ஒரு தரம் வந்து கேட்டுவிட்டுப் போனீங்களே. அந்தக் குழந்தை நான்தான் என்று சொல்லியிருப்பாள். புகை கண்ணைக் கரித்தது, ஒருத்தர் வாரித் தூக்கினார், அவர் தாடி என் கன்னத்தில் குத்தியது. இதெல்லாம் சொல்லியிருப்பாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் ஞாபகம்.

ஆனால் தம்பி, அன்றைக்கு அந்தத் தீக்குள்ளே பிள்ளையே இல்லை.

பேச்சி போய்ச் சேர்ந்து மூன்று மாசம் ஆகிறது. அதனால்தான் வாயைத் திறக்கிறேன். அவள் இருக்கும்போது சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன மிஞ்சும், சொல்லுங்க.

நான் சோணைமுத்து. பர்மாவுக்குப் போனபோது எனக்குப் பதினேழு வயசு. கப்பலில் இருந்து இறங்கி மர ஆலையில் ஒரு வருஷம் கட்டை உருட்டினேன். அப்புறம் ஹக்காம் பள்ளிக்கூடத்தில் காவலுக்கும் தண்ணீர் இறைக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். ஹக்காம் என்றால் அவர்கள் பாஷையில் அறிவாளி என்று அர்த்தமாம். கோயில் குருக்கள், வாத்தியார், பஞ்சாயத்துக்காரர் மூன்றும் ஒரே ஆள். மோல்மேனில் மொத்தமே முப்பது வீடு யூதர்கள் இருந்தால் அதிகம். பாக்தாத்தில் இருந்து கல்கத்தா வழியாக வந்தவர்கள். கோழி அறுப்பதாக இருந்தாலும் ஹக்காம்தான் அறுக்க வேண்டும். கத்தியை நகத்தின் மேல் வைத்து மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பார். முடி அளவு பிசிறு தட்டினால் போதும், கோழியைக் கூண்டில் விட்டுவிட்டு மறுபடி சாணை பிடிக்க உட்கார்ந்துவிடுவார். கோழி வாங்க வந்தவன் வெயிலில் நிற்பான். அப்படிப்பட்ட மனுஷன்.

தமிழ் கொஞ்சம் பேசுவார். சின்ன வயசில் மதராஸில் ரெண்டு வருஷம் இருந்தாராம். எல்லாரையும் 'வாங்கோ, போங்கோ' என்பார். நாய் உள்ளே வந்தாலும் 'போங்கோ' என்பார். என் பெண்டாட்டி இருளாயி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பாடம் சொல்லிக் கொடுக்கிறதும் ஒரு தினுசு. சரியான பதில் சொன்ன பையனை உட்காரச் சொல்வார், அவ்வளவுதான். நல்ல கேள்வி கேட்ட பையன் இருக்கிறானே, அவனைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்குவார். ஜன்னலுக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நின்று நானும் கேட்பேன். எழுத்து எனக்கு ஏறவில்லை. காதில் விழுந்தது தங்கிவிட்டது.

அவருக்கு வீடு, பெண்டாட்டி, பிள்ளை ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கீற்றுக் கூரை போட்ட ஓர் அறை, அதுதான் எல்லாம். சுவர் முழுக்கப் புத்தகம். இருபது வருஷமாக அவர் கையால் எழுதினது ஒரு அலமாரி. மூலையில் ஒரு கோணி மூட்டை. அதில் என்ன இருக்கும் என்றால் கிழிந்த பக்கம், செல்லரித்த ஏடு, பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள். சாமி பேர் எழுதின காகிதத்தை அவர்கள் குப்பையில் போட மாட்டார்கள், எரிக்கவும் மாட்டார்கள். சேர்த்து வைத்து, வருஷத்துக்கு ஒரு தரம் மனுஷனைப் புதைக்கிற மாதிரியே கல்லறைத் தோட்டத்தில் புதைப்பார்கள். மூட்டை ஒரு நாலு வயசுப் பிள்ளை உயரம் இருக்கும்.

இப்போது சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

வெள்ளிக்கிழமை பொழுது இறங்கினதில் இருந்து சனிக்கிழமை பொழுது இறங்குகிற வரைக்கும் அவர்கள் நெருப்பைத் தொடக்கூடாது. பற்ற வைக்கக்கூடாது, அணைக்கவும் கூடாது. அதற்குத்தான் என்னை மாதிரி வெளி ஆள். ஆனால் ஒன்று, என்னிடம் 'அடுப்பைப் பற்ற வை' என்று சொல்லவும் கூடாது. சொன்னால் அவர் பற்ற வைத்த மாதிரியே கணக்கு. அதனால் என்ன செய்வார், சுவரைப் பார்த்துக்கொண்டு 'இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி' என்பார். நான் அடுப்பை மூட்டுவேன். 'இந்த விளக்குப் புகையுதே' என்பார். நான் அணைப்பேன். முதலில் எனக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது. அவர் வாயைத் திறக்கிறதுக்கு முந்தியே செய்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். மீசைக்குள்ளே சிரிப்பார்.

ஏழு வருஷம் அப்படிப் போனது. கடைத்தெருவில்தான் கேலி செய்வார்கள். வண்டிக்காரன் காத்தமுத்து இருந்தானே, பேச்சியோட அப்பன், அவன் சொல்வான், "ஏன்டா சோணை, உங்க ஐயாவுக்குச் சனிக்கிழமையானா உன் பேரு மறந்து போயிருமாமே. சுவத்துக்கிட்ட பேசுவாராம், நீ சுவத்துக்குப் பிறந்தவனா?" என்று. சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்த வருஷம் மார்கழியில் ஒரு சனிக்கிழமை ரங்கூனில் இருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பெரிய பெரிய ஆட்கள். நம்ம ஐயாவுக்கு மரியாதையாக நடந்துகொள்வோம் என்று நினைத்து, நான் வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, அடுப்பைப் பத்த வைக்கட்டுங்களா?" என்று கேட்டேன். எல்லார் முன்னாலும். கேட்டதுதான் தப்பு. அப்படி நேராகக் கேட்டால் அவர் சரி என்று சொல்ல முடியாது பாருங்க. சொன்னால் அது ஏவின மாதிரி. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு "வேண்டாம்" என்றார். விருந்தாளிகள் எல்லாரும் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். ஹெஸ்கேல் சாகிப் என்று ஒரு தேக்கு வியாபாரி, கோயிலுக்கு அவர்தான் மூத்தவர், அவர் இந்துஸ்தானியில் ஒன்று சொன்னார். ஏழு வருஷம் பழக்கினால் மாடுகூட ஜாடை புரிந்துகொள்ளும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஹக்காம் சிரிக்கவில்லை. ஆனால் அவரைக் கண்டிக்கவும் இல்லை. அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹக்காம் எங்கள் குடிசைக்கு வந்தார். அதற்கு முந்தி வந்ததே கிடையாது. குனிந்து வாசலில் நின்றார் என்று இருளாயி சொன்னாள். நான் கொல்லைப் பக்கம் நின்றுகொண்டு, இல்லை என்று சொல் என்று ஜாடை காட்டினேன். எதற்கு வந்தாரோ. வேலை ஏதாவது சொல்ல வந்திருப்பார்.

அதில் இருந்து ரெண்டு மாசம் நான் அவரிடம் வேலைக்கு வேண்டியது தவிர பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை அவர் சுவரிடம் பேசுவார். நானும் செய்வேன். முகத்தைப் பார்க்க மாட்டேன். என் மனசில் ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு சனிக்கிழமை அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்து, 'சோணைமுத்து, இதைச் செய்' என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. அது பெரிய ஆசையா?

மாசி மாசம். சனிக்கிழமை மத்தியானம். காலையில் ஓதி முடித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். பக்கத்து மர ஆலையில் மரத்தூள் குவியல் எப்போதும் உள்ளுக்குள்ளே புகைந்துகொண்டே கிடக்கும். அன்றைக்குக் காற்று. ஒரு பொறி வந்து ஹக்காம் அறைக் கூரையில் விழுந்தது. நான் கிணற்றடியில் நிற்கிறேன், கையில் நிறைந்த வாளி. என் கண் முன்னால்தான் விழுந்தது. ஓரத்தில் ஒரு கீற்று, உள்ளங்கை அகலத்துக்கு, சிவப்பாகப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹக்காம் வகுப்பறையில் இருந்து வெளியே வந்தார். கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். அப்புறம் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இதை அணைக்கிறவாளுக்கு ஒரு குறையும் வராது."

புரிந்ததா என்றால் புரிந்தது. தீப்பிடித்தால் அவர்கள் அப்படித்தான் சொல்லலாம், அதற்கு மேல் சொல்லக்கூடாது. அதையும் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தபோது ஜன்னல் பக்கம் நின்று கேட்டவன்தான் நான். வாளியைக் கீழே வைத்தேன்.

"எனக்குப் புரியலைங்க. என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். மறுபடியும் அதையே சொன்னார். அணைக்கிறவாளுக்கு ஒரு குறையும் வராது. தீ அதற்குள் முகட்டுக்குப் போய்விட்டது.

"சோணைமுத்து, தண்ணி ஊத்துன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, ஊத்துறேன்."

அப்போது என் முகத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. உள்ளே இருபது வருஷ எழுத்து இருக்கிறது, பாக்தாத்தில் இருந்து அவர் அப்பன் கொடுத்து அனுப்பின புத்தகம் இருக்கிறது. எல்லாம் தெரியும். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு, தன் வீடு எரிகிறதைப் பார்த்துக்கொண்டு.

நான் என்ன தப்பு செய்தேன்? என்னிடம் யாரும் கேட்கவில்லையே தம்பி. கேட்டிருந்தால் ஊற்றியிருப்பேன்.

அவர் உட்கார்ந்தது எனக்குப் பொறுக்கவில்லை. கத்தினால், அழுதால், வைதால்கூட இருந்திருப்பேன். எல்லாம் எரியட்டும், உன் பேரைச் சொல்ல மாட்டேன் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்போது வந்தது கோபம் என்று சொல்ல மாட்டேன். என்னவோ ஒரு ஆசை. இந்த மனுஷனுடைய சட்டம் எந்த இடத்தில் உடையும் என்று பார்க்கிற ஆசை. என் வாய் சொன்னது:

"உள்ள ஒரு பிள்ளை இருக்குங்க."

நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் எழுந்துவிட்டார். யார் பிள்ளை என்று கேட்கவில்லை. எந்தச் சாதி, எந்தச் சாமி, எப்படி உள்ளே போச்சு, ஒன்றும் கேட்கவில்லை. என் காலடியில் இருந்த வாளியைத் தூக்கித் தன் மேல் பாதி கவிழ்த்தார், கதவின் மேல் பாதி வீசினார். எரிகிற கீற்றைக் கையால் பிய்த்து எறிந்தார். அன்றைக்குச் செய்யக்கூடாது என்று என்னென்ன உண்டோ அத்தனையும் நான் ஒன்று சொல்லி வாயை மூடுகிறதற்குள் செய்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

உள்ளே போய்த் தேடினார்.

அதைத்தான் சொல்ல வந்தேன் தம்பி. மற்றதெல்லாம் அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய சங்கதி. அவர் உள்ளே தேடினார். "பாப்பா, எங்கே இருக்கேள் பாப்பா? பயப்படாதேங்கோ பாப்பா" என்று. மேசை நகர்கிற சத்தம் கேட்கிறது. அலமாரி விழுகிற சத்தம் கேட்கிறது. இருமல். மறுபடியும் பாப்பா. ஒரு பிள்ளை உள்ளே இருந்திருந்தால் இந்நேரம் கிடைத்திருக்கும், அவரும் வெளியே வந்திருப்பார். சின்ன அறைதானே. இல்லாத பிள்ளையை எவ்வளவு நேரம் தேடுவது? கிடைக்காததால் கட்டிலுக்கு அடியில் பார்க்கிறார், கதவுக்குப் பின்னால் பார்க்கிறார். கிடைக்காததால் வெளியே வர மாட்டேன் என்கிறார்.

நான் கத்தினேன். 'உள்ளே யாரும் இல்லைங்க, வெளியே வாங்க' என்று கத்தினேன். கத்தியிருப்பேன். சத்தம் கேட்டு ஓடி வந்த இருளாயி கடைசி வரைக்கும் வேறு மாதிரிதான் சொன்னாள். நீ வாயையே திறக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றாய் என்பாள். பதற்றத்தில் அவளுக்கு என்ன தெரியும்.

அவள் என் தோளைப் பிடித்து உலுக்கி, "எந்தப் பிள்ளைய்யா? இப்பத்தான நான் உள்ள பெருக்கிட்டு வந்தேன். எந்தப் பிள்ளை?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் நான் உள்ளே போனேன். அவர் விழுந்து கிடந்தார். காலைப் பிடித்து இழுத்து வந்து வெளியே போட்டேன். காத்தமுத்துவும் ரோட்டில் போனவர்களும் ஓடி வந்து தண்ணீர் அடித்தார்கள். வகுப்பறை தப்பியது, அந்த அறை போய்விட்டது. ஹக்காம் மல்லாந்து கிடக்கிறார், நெஞ்சோடு சேர்த்து எதையோ அணைத்துக்கொண்டு. ஒரு கை அடியில் தாங்கியிருக்கிறது, ஒரு கை மேலே தலையை மறைத்த மாதிரி. பிள்ளையைத் தூக்குகிறவர்கள் அப்படித்தான் தூக்குவார்கள். விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோணி மூட்டை. புகையில் கைக்குத் தட்டுப்பட்டது அதுதான். பிள்ளை என்றே நினைத்துத் தூக்கிவிட்டார்.

சாப்பிட்ட கை காயாமல் ஹெஸ்கேல் சாகிப் ஓடி வந்தார். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். காகிதம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும், சொல்லுங்க. சனிக்கிழமை தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தார், உள்ளே போனார், வெளியே வந்தபோது கையில் புத்தகத் தாள். உயிரைக் காப்பாற்ற என்றால் அவர்கள் சட்டத்தில் சனிக்கிழமையை மீறலாம், மீறித்தான் ஆக வேண்டும். காகிதத்துக்காக மீறினால் அது பாவம். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த மனுஷன் தன் எழுத்து என்றதும் சட்டத்தை மிதித்துவிட்டார் என்று ஆகிவிட்டது.

"பிள்ளை உள்ள இருக்குன்னு நான்தாங்க சொன்னேன்" என்றேன். அதுவரைக்கும் சொல்லத் தைரியம் வந்தது.

"பிள்ளை எங்கே?" என்று கேட்டார் ஹெஸ்கேல் சாகிப்.

கூட்டத்தில் காத்தமுத்து பக்கத்தில் அவன் மகள் பேச்சி நின்றாள். நாலு வயசு. அப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விரல் சப்பிக்கொண்டு. என் கை அவளைக் காட்டிவிட்டது. அதோ, அதுவாகவே பின்பக்கமாக வந்துவிட்டது என்று வாய் சொல்லிவிட்டது. இந்துஸ்தானியில் சொன்னேன், காத்தமுத்துவுக்கு அது அரைகுறை. ஹெஸ்கேல் சாகிப் அந்தப் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஹக்காமைப் படுக்க வைத்தார்கள். டாக்டர் வந்து மருந்து தடவிவிட்டு, நெஞ்சுக்குள்ளே வெந்திருக்கிறது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஒன்பது நாள் கிடந்தார். நான்தான் பக்கத்தில் இருந்து விசிறினேன். வேறு யாரையும் விடவில்லை. தொண்டை போய்விட்டது, மூச்சுதான் வார்த்தையாக வரும். கண்ணைத் திறந்ததும், "பிள்ளை?" என்பார்.

"நல்லா இருக்குங்க."

கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாழிகை கழித்து மறுபடியும், பிள்ளை? கஞ்சி குடிச்சுதுங்க. பிள்ளை? தூங்குதுங்க. பிள்ளை? முற்றத்தில் விளையாடுதுங்க. எங்களுக்குப் பிள்ளை கிடையாது தம்பி. அந்த ஒன்பது நாளில் இல்லாத ஒரு பிள்ளையைச் சோறூட்டி, குளிப்பாட்டி, தூங்க வைத்து நான் வளர்த்தேன்.

இருளாயி எனக்குச் சோறு வைப்பாள், பக்கத்தில் உட்கார மாட்டாள். ஒரு நாள் தட்டை வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னாள். "போய் உண்மையைச் சொல்லீரு. இல்லைன்னா அந்த மனுஷன் இன்னும் உள்ளயே தேடிக்கிட்டு இருக்காரு. தேடிக்கிட்டேதான் போய்ச் சேருவாரு."

சொல்லலாம் என்றுதான் ஒவ்வொரு தரமும் போவேன். அவர் "பிள்ளை?" என்பார். நான் "நல்லா இருக்குங்க" என்பேன்.

இருளாயி சொன்னது பலித்துவிட்டது. இந்தக் காலனியில் யாராவது சருகைக் கூட்டி எரித்தால் போதும், எனக்குக் கேட்கும். மத்தியான வெயிலில், நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்கும். பாப்பா, எங்கே இருக்கேள். மேசை நகர்கிற சத்தம், இருமல். வயசான காது என்று என் தம்பி மகன் சொல்கிறான். வயசான காதில் கேட்காமல் போவதுதானே வழக்கம்? நீங்க வரும்போது வெளியே யாரும் குப்பை கொளுத்தவில்லையே? இல்லையா? சரி.

எட்டாம் நாள் ஹெஸ்கேல் சாகிப் என்னை வெளியே கூப்பிட்டார். ஆள் பொல்லாதவர் இல்லை. ஹக்காமிடம் படித்தவர்கள்தான் அவர் பிள்ளைகள் மூன்று பேரும். அவருக்கும் தூக்கம் இல்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. விஷயத்தைச் சொன்னார். ஹக்காம் போய்விட்டால் எங்கே புதைக்கிறது என்று அவர்களுக்குள்ளே சண்டையாம். பழைய ஹக்காம்கள் கிடக்கிற வரிசையில் வைக்கலாம் என்று பாதிப்பேர். சனிக்கிழமையை மிதித்தவனைச் சுவர் ஓரமாகத்தான் வைக்க வேண்டும், கோயிலில் பேர் சொல்லி ஓதவும் கூடாது என்று பாதிப்பேர். பிள்ளை பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்ததையே யாரும் பார்க்கவில்லை, காவல்காரன் ஐயாவுக்காகக் கதை கட்டிச் சொல்கிறான் என்று பேசிக்கொள்கிறார்களாம். நாளைக்குக் காலையில் நாங்கள் வருகிறோம், பிள்ளையைக் கொண்டு வந்து அவர் கண் முன்னால் நிறுத்து, அவர் வாயால் கேட்டுவிடுகிறோம் என்றார்.

யோசித்துப் பாருங்க. ஐயாவுக்காக நான் பொய் சொல்கிறேனாம்.

அன்றைக்குச் சாயங்காலம் காத்தமுத்து வீட்டுக்குப் போனேன். ஹக்காம் சாகக் கிடக்கிறார், பிள்ளை முகம் பார்க்க ஆசைப்படுகிறார், பேச்சியை அனுப்பு என்றேன். பாவம், அவன் உடனே சரி என்றான். காலையில் பேச்சியோட அம்மா அவளைக் குளிப்பாட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து, சடை பின்னி, நல்ல பாவாடை கட்டி அனுப்பினாள். வழி நெடுக நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். புகையா இருந்துச்சா? ஆமான்னு சொல்லணும். தாடித் தாத்தா தேடி வந்தாரா? ஆமான்னு சொல்லணும். அவளுக்கு அது பாட்டு மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்கச் சொன்னாள். அன்றைக்கு அவள் காதில் நான் ஊற்றினதுதான் அப்புறம் அவளுக்குள்ளேயே புகையாகி, தாடியாகி, உங்கள் காகிதத்தில் வந்து நிற்கிறது. வருஷா வருஷம் அவர் சமாதியில் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அறுபத்து நாலில் பர்மாவை விட்டு நாங்கள் கப்பல் ஏறும்போது அந்த மண்ணில் ஒரு பிடி முடிந்து எடுத்து வந்தாள். எல்லாரும் சொத்துப்பத்துக்கு அழுதோம். அவள் அதற்கு அழுதாள்.

அவர்கள் அஞ்சு பேர் வாசலில் நின்றார்கள். முதலில் நான் பிள்ளையை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

"பிள்ளைங்க" என்றேன்.

கண்ணைத் திறந்தார். பேச்சியைப் பார்த்தார். கிட்டே வா என்று விரலை அசைத்தார். அவள் பயப்படவில்லை, போய் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெந்த விரலால் அவள் தலையைத் தொட்டார். எண்ணெய் பளபளக்கிற தலை. சடையைக் கடைசி வரைக்கும் தடவிப் பார்த்தார், கத்தியை நகத்தில் ஓட்டுகிற மாதிரி நிதானமாக. நெற்றியில் விழுந்த சுருட்டை முடியைத் தொட்டார். புருவத்தைத் தொட்டார். ஒரு முடி கருகவில்லை.

அப்புறம் என்னைப் பார்த்தார்.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று கேட்காதீங்க. ஆனால் அதற்குப் பிறகு அவர் பிள்ளை எங்கே என்று கேட்கவேயில்லை.

அவர் தலையில் ஒரு கறுப்புத் தொப்பி உண்டு. அவர்கள் வெறுந்தலையோடு இருக்க மாட்டார்கள், தூங்கும்போதுகூட. எரிந்த தொப்பியை எடுத்துவிட்டு அவர்கள் ஆட்கள் புதுசு ஒன்று போட்டுவிட்டிருந்தார்கள். அதைக் கழற்றினார். பேச்சியோட சடையைச் சுருட்டி உச்சியில் வைத்து, அதன் மேல் தொப்பியைக் கவிழ்த்து, காது, நெற்றி, புருவம் எல்லாம் மறைகிற வரைக்கும் இழுத்துவிட்டார். பிள்ளைக்குக் குளிருமே என்று நினைத்தார் போலிருக்கிறது. குளித்த தலை ஈரமாகத்தான் இருந்தது.

"கூப்பிடுங்கோ" என்றார்.

அஞ்சு பேரும் வந்தார்கள். ஹெஸ்கேல் சாகிப் குனிந்து, "ஹக்காம், நீங்கள் உள்ளே போனது இந்தப் பிள்ளைக்காகவா?" என்று கேட்டார். அந்த மனுஷன் பொய் பேசி யாரும் கேட்டதில்லை. கோழிக்குக்கூடத் துரோகம் செய்யாதவர்.

ஹக்காம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் ஒரு பிள்ளைக்காகத்தான் உள்ளே போனேன். இந்தப் பிள்ளை உயிரோட நிக்கறது. ஹெஸ்கேல், உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?"

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல் பொய் இல்லை தம்பி. இப்போது யோசித்தால் தெரிகிறது. அன்றைக்கு, புகையில் அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது, நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு பெரிய அறிவாளியை ஏய்த்துவிட்டேனே என்று உள்ளுக்குள்ளே கொஞ்சம் பெருமைகூட வந்தது. மறைப்பானேன்.

ஹெஸ்கேல் சாகிப் அழுதுவிட்டார். "சந்தோஷம்தான் ஹக்காம், சந்தோஷம்தான்" என்று சொல்லிப் பேச்சியைத் தூக்கிக்கொண்டார். அவர்கள் ஏதோ ஓதினார்கள். வாசலில் நின்ற ஆட்களுக்குக் காட்ட வேண்டும் என்று அந்தத் தொப்பியோடேயே பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே போனார்கள். வெளியே ஒரே சத்தம், யாரோ சிரிக்கிறார்கள், யாரோ அழுகிறார்கள். வரிசையில் இடம் கிடைத்துவிட்டது அவருக்கு.

உள்ளே நானும் அவரும்தான்.

சாகிற நேரத்தில் அவர்கள் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை இருக்கிறது. அதில் சாமி பேர் வரும். வெறுந்தலையோடு சொல்லக்கூடாது. அவர் தன் கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்தார். வைத்துவிட்டு எடுத்துவிட்டார். எனக்குத் தெரியும் ஏன் என்று. அதையும் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். தன் கை தன் உடம்புதான், அது தலையை மூடினதாகக் கணக்கு ஆகாது. இன்னொருத்தர் கையென்றால் ஆகும்.

ரெண்டு எட்டில் ஆணியில் ஒரு துண்டு தொங்கியது. வெள்ளைத் துண்டு, துவைத்தது. அவரும் பார்த்தார். அதை எடுக்கலாம் என்று நான் எழுந்தேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தார். சாகப் போகிறவர் பிடி மாதிரி இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியைக் கீழே வைத்த அந்தக் கையை இழுத்துத் தன் வெறுந்தலைமேல் வைத்துக்கொண்டு, மேலே தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஓத ஆரம்பித்தார்.